தொடக்கத்திற்கு ஒரு நாள் குறிப்போம்

கோலார் தங்கவயலில் பொன் உண்டு என்பது பிரிட்டிஷ் நிறுவனங்கள் வந்த பிறகு தெரியவந்த செய்தி அன்று. 1802ஆம் ஆண்டில், மைசூர் அரசின் கிழக்கெல்லையை அளக்கும் பணிக்கு வந்த ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படையதிகாரி, உரிகம், மாரிக்குப்பம் பகுதிகளில் வாழ்ந்த மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் துகள் எடுத்துவந்ததை அறிந்து, அதைக் குறித்து எழுதியும் வைத்தார். அந்தக் குறிப்பைப் பல ஆண்டுகளுக்குப் பின் படித்தவர், பெங்களூரில் தங்கியிருந்த ஓய்வுபெற்ற படைவீரர் மைக்கேல் லவெல். அவர் மாட்டுவண்டியில் இங்கு வந்து நிலத்தைப் பார்த்தார். மைசூர் அரசிடம் விண்ணப்பித்தார். 1875ஆம் ஆண்டில் சுரங்க உரிமையைப் பெற்றார். வாரன் எழுதியதற்கும் லவெல் உரிமை பெற்றதற்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தன. இடையில் சிற்சில சிறு முயற்சிகள் நடந்தபோதிலும், பெரிய அளவில் எவரும் தொடங்கவில்லை.

தெரிந்திருப்பது வேறு, தொடங்குவது வேறு என்பதற்கு நம் ஊரின் வரலாற்றிலேயே இப்படி ஒரு சான்று இருக்கிறது. வங்கிக் கிளையில் பணியாற்றும் எவரும் இந்த வேறுபாட்டை நாள்தோறும் காண்கிறோம். சேமிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கணக்கிற்கு நியமனதாரரைப் பதிய வேண்டும், முதுமைக்கு ஓய்வூதியம் வேண்டும், குடும்பத்திற்குக் காப்பீடு வேண்டும் என்பவையும் தெரியும். இவற்றின் நன்மையை மறுத்துப் பேசும் வாடிக்கையாளரைக் காண்பது அரிது. ஆயினும், "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், சார்" என்ற ஒரு சொல்லில் இவை அனைத்தும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகின்றன. ஏன் இவ்வாறு நிகழ்கிறது, இதை எவ்வாறு கடக்கலாம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

தயக்கம் வேறு, சோம்பல் வேறு

நல்ல செயலைத் தொடங்காதிருப்பவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது பெரும்பாலும் உண்மையன்று. நிலத்தடியில் வெப்பத்திலும் இருளிலும் எட்டு மணி நேரம் உழைத்துத் திரும்பிய தொழிலாளியைச் சோம்பேறி என்று எவர் சொல்ல முடியும்? விடியலுக்கு முன் எழுந்து மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை செய்து, இரவில் வீடு திரும்பும் இன்றைய இளைஞரையும் அவ்வாறு சொல்ல முடியாது. அதே உழைப்பாளிகளே, பத்து நிமிடத்தில் முடியக்கூடிய ஒரு படிவத்தைப் பத்தாண்டுகளாக நிரப்பாமல் இருக்கிறார்கள். ஆகவே காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதற்காரணம், செலவு இன்றைக்கும் பயன் என்றைக்கோ ஒரு நாளைக்கும் உரியனவாக இருப்பது. இன்று ஐந்நூறு ரூபாயை ஒதுக்கினால், அந்த ஐந்நூறின் இழப்பு இன்றே தெரியும். அதன் பயனோ இருபது ஆண்டுகள் கழித்துத்தான் கைக்கு வரும். அருகில் இருப்பது பெரிதாகவும் தொலைவில் இருப்பது சிறிதாகவும் தோன்றுவது கண்ணுக்கு மட்டும் உரிய இயல்பன்று, மனத்திற்கும் உரியது.

இரண்டாவது காரணம், முதற்படி எதுவென்று தெளிவாகத் தெரியாமை. "எதிர்காலத்திற்குச் சேமிக்க வேண்டும்" என்பது ஓர் எண்ணம் மட்டுமே. எந்தக் கணக்கில், எவ்வளவு, எந்தத் தேதியில், எந்தப் படிவத்தில் என்பவை முடிவாகாத வரை அது செயலாவதில்லை. படிவத்தைப் புரிந்துகொள்ள முடியாதோ, அலுவலர் ஏதேனும் கேட்டால் விடை சொல்லத் தெரியாதோ என்ற கூச்சமும் சிலரைத் தடுக்கிறது.

மூன்றாவது காரணம், பெரிதாகத் தொடங்க வேண்டும் என்ற நினைப்பு. "கையில் கொஞ்சம் சேரட்டும், மொத்தமாகப் போடலாம்" என்று காத்திருப்பவர் பலர். தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. அவ்வளவு ஆழத்தை எட்டவேண்டும் என்று திட்டமிட்டு எவரும் முதல் மண்வெட்டியைப் போடவில்லை. ஒவ்வொரு ஷிப்டிலும் சில அடிகளாக, நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தோண்டியே அந்த ஆழம் எட்டப்பட்டது.

சங்கும் பிடித்தமும்

தங்கவயலின் பழைய வாழ்க்கை முறையில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. சுரங்கங்கள் இயங்கிய காலத்தில் தொழிலாளியின் நாளைத் தொடங்கிவைத்தது அவர் மனவுறுதி அன்று, சுரங்கத்தின் சங்கு. சங்கொலி கேட்டதும் எழுந்து, ஷிப்டுக்குச் செல்ல வேண்டும். "இன்று தொடங்கலாமா, நாளை தொடங்கலாமா" என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. சேமிப்பும் அவ்வாறே நடந்தது. வருங்கால வைப்பு நிதி சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்தம் செய்யப்பட்டது. பணிக்கொடை சட்டப்படி சேர்ந்தது. பணத்தை ஒதுக்க வேண்டும் என்று மாதந்தோறும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தேவை தொழிலாளிக்கு இல்லை. அவர் மறந்தாலும் பிடித்தம் மறக்கவில்லை.

பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையை இழந்தன என்பது அனைவரும் அறிந்த துயரம். அதிகம் பேசப்படாத மற்றோர் இழப்பும் உடன் நிகழ்ந்தது. நாளையும் சேமிப்பையும் வெளியிலிருந்து தொடங்கிவைத்த ஏற்பாடு முழுவதும் அன்றோடு மறைந்தது. அதுவரை நிறுவனம் செய்துவந்த தொடக்கங்களை எல்லாம் அதன்பின் ஒவ்வொரு குடும்பமும் தானே செய்ய வேண்டியதாயிற்று. சிறு கடை வைத்தவர், தினக்கூலிக்குச் சென்றவர், ஒப்பந்த வேலையில் சேர்ந்தவர் ஆகியோருள் பலருக்குச் சம்பளப் பிடித்தம் என்பதே இல்லை. கையில் வந்த பணத்தில் எதிர்காலத்திற்கான பங்கை எடுத்துவைப்பது முழுவதும் அவர்கள் மனவுறுதியையே பொறுத்ததாயிற்று. மனவுறுதியோ மாதத்திற்கு மாதம் ஏறி இறங்கும் இயல்புடையது.

ஆனால் வெளியிலிருந்து வரும் ஏற்பாடு முற்றிலும் அழிந்துவிடவில்லை. பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோரைப் பாருங்கள். "இன்று போகலாமா" என்று அவர்கள் காலையில் ஆலோசிப்பதில்லை; ரயிலின் நேரம் அந்த முடிவை எடுத்துவிடுகிறது. நம் வீட்டுப் பெண்கள் நடத்தும் சீட்டைப் பாருங்கள். வங்கியில் சேமிக்கத் தயங்கும் குடும்பமும் சீட்டுப் பணத்தைத் தவறாமல் கட்டிவிடுகிறது. குறிப்பிட்ட தேதி, குறிப்பிட்ட தொகை, எதிர்பார்த்துக் காத்திருக்கும் நான்கு பேர் ஆகிய மூன்றும் சீட்டில் இருக்கின்றன. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வேண்டும். முதுமையையும் உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாமல் அவர்கள் வந்து அதை அளித்துவிடுகிறார்கள். ஏனெனில் அதற்கு ஒரு கெடு இருக்கிறது. அதே ஓய்வூதியரின் சேமிப்புக் கணக்கில் நியமனதாரர் பெயர் பதியப்படாமல் இருப்பதும் உண்டு. ஏனெனில் அதற்குக் கெடு இல்லை.

இதிலிருந்து நாம் பெறும் உண்மை இதுதான். நாள் குறிக்கப்பட்ட செயல் நடந்துவிடுகிறது. நாள் குறிக்கப்படாத செயல் அதைவிட எளிதாக இருந்தாலும் நின்றுபோகிறது. ஆகவே, தயக்கத்தைக் கடக்க விரும்புவோர் மனத்தை வற்புறுத்துவதைவிட, தமக்கென ஒரு சங்கை அமைத்துக்கொள்வதே பயன் தரும்.

ஆய்வுகள் கூறுவது

இதை உளவியல் ஆய்வுகளும் உறுதிசெய்கின்றன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடையே ஹோவர்டு லெவெந்தால் முதலியோர் நடத்திய ஆய்வு ஒன்று 1965ஆம் ஆண்டில் வெளியானது. டெட்டனஸ் நோயின் கொடுமையை விளக்கும் கையேடு மாணவர்களுக்கு அளிக்கப்பட்டது. அதைப் படித்த பலர் தடுப்பூசியின் தேவையை ஒப்புக்கொண்டனர்; ஆனால் சென்று போட்டுக்கொண்டவர் 3 விழுக்காட்டினரே. மற்றொரு பிரிவினருக்குக் கையேட்டுடன், மருத்துவ நிலையம் இருக்குமிடம் குறிக்கப்பட்ட வரைபடமும் கொடுத்து, வாராந்தர வேலைகளுக்கிடையே எப்போது செல்லலாம் என்று திட்டமிடவும் சொன்னார்கள். அவர்களுள் 28 விழுக்காட்டினர் சென்று போட்டுக்கொண்டனர். அம்மாணவர்களுக்கு மருத்துவ நிலையம் எங்கே இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருக்கக்கூடும். ஆயினும் இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்ததே எண்ணத்தைச் செயலாக்கியது.

சேமிப்பைக் குறித்த மற்றோர் ஆய்வு ரிச்சர்டு தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி ஆகிய இருவருடையது. தேலர் 2017ஆம் ஆண்டில் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்றவர். இன்றைய சம்பளத்திலிருந்து கூடுதலாகச் சேமிக்கத் தயங்கிய தொழிலாளர்களிடம், "இனி வரும் ஒவ்வொரு சம்பள உயர்விலும் ஒரு பகுதியைச் சேமிப்புக்கு ஒதுக்க இன்றே ஒப்புக்கொள்ளுங்கள்" என்று கேட்கப்பட்டது. கையில் இருக்கும் பணம் குறையாது என்பதால் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டனர். முதன்முதலில் இத்திட்டம் நடைபெற்ற நிறுவனத்தில், இதில் சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தின் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாக உயர்ந்தது. அறிவுரையால் நிகழாதது, ஒரு முறை கையெழுத்திட்ட ஏற்பாட்டால் நிகழ்ந்தது.

தாமதத்தின் விலை

"ஓராண்டு தள்ளிப்போனால் என்ன?" என்ற கேள்விக்கு எண்களே விடை கூறட்டும். 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரையுள்ளோர், வருமான வரி செலுத்தாதவராயின், சேரலாம். 60 வயதிற்குப் பின் மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியம் பெற விரும்புவோர், 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய் செலுத்த வேண்டும். 25 வயதில் சேர்ந்தால் 376 ரூபாய்; 30 வயதில் 577 ரூபாய்; 35 வயதில் 902 ரூபாய்; 40 வயதில் 1,454 ரூபாய்.

18 வயதில் தொடங்குபவர் 42 ஆண்டுகளில் மொத்தம் 1,05,840 ரூபாய் செலுத்துகிறார். 40 வயதில் தொடங்குபவர் 20 ஆண்டுகளில் 3,48,960 ரூபாய் செலுத்துகிறார். கிடைக்கும் ஓய்வூதியம் இருவருக்கும் ஒன்றே. பாதிக் காலத்திற்கும் குறைவாகச் செலுத்துபவர் மூன்று மடங்கிற்கும் மேலாகச் செலுத்த நேர்கிறது. ஓராண்டுத் தாமதத்தையே எடுத்துக்கொண்டாலும், 30 வயதில் 577 ரூபாயாக இருக்கும் மாதத் தவணை 31 வயதில் 630 ரூபாயாகிறது. அந்த 53 ரூபாய் வேறுபாடு ஒரு மாதத்தோடு முடிவதில்லை; 60 வயது வரை ஒவ்வொரு மாதமும் தொடர்கிறது.

சில தாமதங்களின் விலையை ரூபாயில் மட்டும் அளக்க முடியாது. நியமனதாரர் பதியப்படாத கணக்கில் பணம் வைத்திருந்த ஒருவர் காலமாகிவிட்டால், அப்பணம் குடும்பத்திற்குச் சேர வேண்டியதே, சேரவும் செய்யும். ஆனால் சட்டப்படியான வாரிசுகள் யார் என்பதை நிறுவ வேண்டும். அதற்குரிய ஆவணங்களைத் திரட்ட வேண்டும். வாரிசுகள் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் அனைவருடைய ஒப்புதலும் வேண்டும். துக்கத்தில் இருக்கும் மனைவியோ மகளோ, பணம் மிகவும் தேவைப்படும் வேளையில், அலுவலகங்களுக்கு அலைய நேரிடுகிறது. கணவருக்கு எந்த வங்கியில் கணக்கு இருந்தது என்பதே சில வீடுகளில் தெரிவதில்லை. பத்து ஆண்டுகள் இயக்கப்படாமலோ உரிமை கோரப்படாமலோ இருக்கும் வைப்புத்தொகை, ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. அதன் பின்னரும் உரியவர் தம் வங்கியின் வழியாக அதைக் கோரிப் பெறலாம். இவ்வாறு கோரப்படாத தொகைகளைத் தேடுவதற்காக ரிசர்வ் வங்கி 2023ஆம் ஆண்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தையும் தொடங்கியது. எனினும், தேட வேண்டிய நிலையைக் குடும்பத்திற்கு உண்டாக்காதிருப்பதே சிறந்தது.

நியமனதாரரைப் பதிவதற்குக் கட்டணம் இல்லை. 2025 நவம்பர் 1ஆம் நாள் முதல் வைப்புக் கணக்கு ஒன்றுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு என்றும் குறிப்பிடலாம். நியமனதாரர் என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையுடையவரே அன்றி, பிற வாரிசுகளின் சட்ட உரிமையை நீக்குபவர் அல்லர். "ஒருவர் பெயரை எழுதினால் மற்றவர் மனம் வருந்துமோ" என்று தயங்குவோர் இதை அறிந்துகொள்வது நலம்.

நமக்கென ஒரு சங்கு

இனி, தொடக்கத்தை எளிதாக்கும் வழிகளைக் காண்போம். இவை பணத்திற்கு மட்டுமன்றி, நடைப்பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, பாதியில் விட்ட படிப்பு போன்ற எந்த நற்செயலுக்கும் பொருந்தும்.

முதலாவது, நாளையும் நேரத்தையும் இடத்தையும் எழுதிவையுங்கள். "விரைவில் வங்கிக்குப் போக வேண்டும்" என்பதைவிட, "வியாழக்கிழமை காலை 11 மணிக்கு, ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்குப் போகும்போது வங்கிக்கும் போவேன்" என்பது பன்மடங்கு வலிமை உடையது. வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதியில் ஒரு வட்டமிடுங்கள்.

இரண்டாவது, முதற்படியைக் கூச்சமே எழாத அளவிற்குச் சிறிதாக்குங்கள். ஓய்வூதியம், காப்பீடு, பிள்ளைகளின் கல்வி அனைத்தையும் ஒரே நாளில் தீர்க்க முயல வேண்டாம். முதல் நாளில் பாஸ்புத்தகத்தை எடுத்து, நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவே போதும். விபத்துக் காப்பீடான பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்திற்கு ஆண்டுக்கு 20 ரூபாய். ஆயுள் காப்பீடான பிரதமர் ஜீவன் ஜோதி பீமா திட்டத்திற்கு ஆண்டுக்கு 436 ரூபாய். இவை ஒவ்வொன்றும் 2 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு அளிக்கின்றன. முன்னதில் 18 முதல் 70 வயது வரையிலும், பின்னதில் 18 முதல் 50 வயது வரையிலும் சேரலாம். சிறிதாகத் தொடங்குவோர்க்கு இவை ஏற்றவை.

மூன்றாவது, ஒரு முறை முடிவெடுத்துவிட்டு, மீதியைத் தானாக நடக்க விடுங்கள். சம்பளமோ கடை வருமானமோ வரும் தேதிக்கு மறுநாள், குறிப்பிட்ட தொகை தொடர் வைப்புக் கணக்கிற்குத் தானாகவே செல்லுமாறு வங்கிக்கு எழுதிக் கொடுக்கலாம். சுரங்கத் தொழிலாளிக்கு நிறுவனம் செய்த பிடித்தத்தை இன்று நீங்களே உங்களுக்குச் செய்துகொள்கிறீர்கள். மாதந்தோறும் பன்னிரண்டு முறை எடுக்க வேண்டிய முடிவு, ஆண்டுக்கு ஒரே முடிவாகச் சுருங்கிவிடுகிறது.

நான்காவது, எவரிடமாவது சொல்லிவையுங்கள். சீட்டின் வலிமை அதில் காத்திருக்கும் மற்றவர்களிடம் இருக்கிறது. தனியே நடக்கத் தயங்குபவர், பக்கத்து வீட்டு அண்ணன் காலையில் வாசலில் வந்து நிற்கிறார் என்றால் எழுந்துவிடுவார். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு நாள் குறித்தால், ஒருவர் மறந்தாலும் மற்றவர் நினைவூட்டுவார்.

ஐந்தாவது, இடையில் தடைப்பட்டால் கைவிடாதீர்கள். திருமணம், மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் என்று சில மாதங்கள் தவணை தவறலாம். "தொடர முடியவில்லையே, இனி எதற்கு" என்று முழுவதையும் நிறுத்திவிடுவது, தொடங்காமல் இருந்ததற்கு நிகரான இழப்பு. கிளைக்கு வந்து நிலைமையைச் சொன்னால், தவணையைக் குறைத்தோ புதிய கணக்கைத் தொடங்கியோ தொடர்வதற்கு வழி காணலாம்.

இவ்வாறெல்லாம் கூறுவதால், வருமானக் குறைவு என்ற உண்மையான தடையை நாம் மறந்துவிடவில்லை. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாத குடும்பத்திற்குச் சேமிப்பு என்ற சொல்லே சுமையாகத் தோன்றக்கூடும். அத்தகையோர் பணம் தேவைப்படாத செயல்களிலிருந்து தொடங்கலாம். நியமனதாரர் பதிவு, கைப்பேசி எண் பதிவு, உரிய ஆவணங்களைக் கொண்டு கணக்கு விவரங்களைப் புதுப்பித்தல், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இயக்கப்படாமல் முடங்கிய கணக்கை உயிர்ப்பித்தல், எந்தெந்த வங்கியில் எந்தெந்தக் கணக்கு உள்ளது என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் நம்பிக்கையானவரிடம் கொடுத்தல் ஆகிய அனைத்தும் செலவின்றிச் செய்யக்கூடியவை. குடும்பத்தைப் பிற்காலத்தில் பெரிய அலைச்சலிலிருந்து காப்பவையும் இவையே. கடவுச்சொல்லையும் பணம் எடுக்கும் ரகசிய எண்ணையும் மட்டும் அந்தத் தாளில் எழுதாதீர்கள்.

இந்த இதழைக் கீழே வைப்பதற்கு முன், மேற்கூறியவற்றுள் நீங்கள் நெடுநாளாகத் தள்ளிப்போட்டுவரும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதுங்கள். அந்த நாளில் பாஸ்புத்தகத்துடனும் ஆதார் அட்டையுடனும் உங்கள் கிளைக்கு வாருங்கள். படிவத்தை நிரப்பத் தெரியவில்லை என்ற கவலை வேண்டாம். அதற்கு உதவுவது எங்கள் பணி. நாள் குறிப்பது மட்டும் உங்கள் பணி.